நீண்ட மிதிவண்டிப் பயணத்தில் ஜிபிஎஸ் தடப்பதிவு: கைப்பேசியின் பேட்டரி கடைசி வரை தாங்க என்ன செய்ய வேண்டும்?

தொலைவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மாதத்திற்கு இரண்டு முறையாவது 150 முதல் 200 கிலோமீட்டர் வரை மிதிவண்டியில் சென்று வருவது என் வழக்கம். இடையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பயணத்திற்கு ஒன்பது முதல் பதினொரு மணி நேரம் ஆகிறது. சென்ற தடத்தைக் கைப்பேசியில் ஜிபிஎஸ் மூலம் பதிவு செய்கிறேன். எனக்கு அதுதான் நாட்குறிப்பு. எந்த ஏற்றத்தில் எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே குடிநீர் கிடைத்தது, அடுத்த முறை எந்தத் திருப்பத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நினைவுக்குக் கொண்டு வருகிறேன்.

ஆனால் பேட்டரி ஆறு மணி நேரத்திற்கு மேல் தாங்குவதில்லை. என் கைப்பேசி இரண்டு ஆண்டுகள் பழையது. பேட்டரி 4000 மில்லிஆம்பியர் மணி. ஹேண்டில்பாரில் பொருத்தி, வரைபடம் தெரியும்படி திரையை எப்போதும் எரியவிட்டுச் செல்கிறேன். கடந்த பயணத்தின் மொத்தத் தொலைவு 182 கிலோமீட்டர். 97ஆவது கிலோமீட்டரில் பேட்டரி குறைந்துவிட்டதால் பேட்டரி சேமிப்பு முறையை இயக்கி, திரையையும் அணைத்துவிட்டேன். 134ஆவது கிலோமீட்டரில் கைப்பேசி முழுவதுமாக அணைந்துபோனது. வீட்டுக்கு வந்து சார்ஜ் செய்து கோப்பைத் திறந்தபோது, 97ஆவது கிலோமீட்டரிலிருந்து நான் தண்ணீர் குடிக்க நின்று திரையைத் திறந்த இடம் வரை, அளவுகோல் வைத்து இழுத்தது போல ஒரே நேர்கோடு இருந்தது. மூச்சு வாங்க வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதை முழுவதும் அந்தக் கோட்டில் காணாமல் போய்விட்டது. உண்மையில் வருத்தமாக இருந்தது.

நொடிக்கு ஒரு முறை பதிவு செய்வதற்குப் பதிலாகப் பத்து நொடிக்கு ஒரு முறை என்று மாற்றினால் பயன் இருக்குமா? விமானப் பயன்முறையில் போட்டால் ஜிபிஎஸ்ஸும் நின்றுவிடும் என்கிறார்களே, அது சரியா? புளூடூத்தில் இணைந்திருக்கும் இதயத்துடிப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்னோட்டம்:

வணக்கம். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எது மின்சாரத்தைத் தின்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

4000 மில்லிஆம்பியர் மணியை, கைப்பேசி பேட்டரிகளின் வழக்கமான மின்னழுத்தமான 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 15.4 வாட் மணி வருகிறது. இரண்டு ஆண்டுகள் தினமும் சார்ஜ் செய்த பேட்டரியில் அதில் ஒரு பகுதி தேய்ந்துபோயிருக்கும் என்பதால், உங்களிடம் இப்போது ஏறத்தாழ 12.5 வாட் மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஆறு மணி நேரத்தில் தீர்கிறது என்றால் உங்கள் கைப்பேசி சராசரியாக இரண்டு வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கிறது. பத்து மணி நேரம் தாங்க வேண்டுமானால் இந்தச் சராசரி 1.25 வாட்டுக்குள் இருக்க வேண்டும்.

பலரும் ஜிபிஎஸ்ஸைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் இன்றைய கைப்பேசிகளில் ஜிபிஎஸ் சிப் தனியாக எடுப்பது சில பத்து மில்லிவாட் மட்டுமே. அது தரும் இடக்குறிப்பை வாங்கிக் கோப்பில் எழுதுவதற்காக ப்ராசஸர் விழித்திருப்பதையும் சேர்த்தால்கூடப் பெரும்பாலும் அரை வாட்டைத் தாண்டாது. வெயிலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று முழு வெளிச்சத்தில் எரியும் திரையோ தனியாகவே ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடியது. வெளிச்சம் தானாக மாறும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் குறைத்து வைத்தாலும் வெயில் பட்டவுடன் அதுவே உச்சத்துக்கு ஏற்றிவிடும். எனவே உங்கள் இரண்டு வாட்டில் பெரும்பகுதி திரைக்குத்தான் போகிறது.

அடுத்தது, டவரைத் தேடும் வேலை. ஊருக்கு நடுவில் சிக்னல் நன்றாக இருக்கும்போது கைப்பேசி குறைந்த திறனில் பேசிக்கொள்கிறது. சிக்னல் மெலியும் இடங்களில் டவரை எட்டுவதற்காகத் தன் அலைபரப்பும் திறனைக் கூட்டுகிறது. சிக்னலே இல்லாத காட்டுப் பகுதியில் எல்லா அலைவரிசைகளிலும் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கிறது. பையில் சும்மா கிடந்த கைப்பேசி மலைப்பயணத்தில் சூடாகிக் காலியாவது இதனால்தான். உங்கள் இருப்பிடத்தை வீட்டாருக்கு உடனுக்குடன் அனுப்பும் வசதியும் இதே வகையில் செலவு வைக்கும். அனுப்பும் தகவல் சில எழுத்துகள்தான் என்றாலும், ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும் ரேடியோ சில நொடிகள் முழு விழிப்பில் காத்திருந்து அதன் பிறகே ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது.

விமானப் பயன்முறையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரியன்று. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலிபரப்புகின்றன. கைப்பேசி வானொலிப் பெட்டியைப் போல அதைக் கேட்கிறதே ஒழிய அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. எனவே இன்றைய கைப்பேசிகளில் விமானப் பயன்முறையிலும் ஜிபிஎஸ் இயங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் ஒலிபரப்புகிறது. தேவையான பகுதியை முழுதாகக் கேட்க அரை நிமிடமாவது ஆகும். இணைய இணைப்பு இருந்தால் கைப்பேசி இந்த விவரத்தை அதன் வழியாக நொடிகளில் வாங்கிக்கொள்ளும். ஆகவே புறப்படும் இடத்தில், திறந்த வானத்தின் கீழ், இணைப்பு இருக்கும்போதே இடத்தைப் பிடிக்கவிட்டு, பதிவைத் தொடங்கிய பிறகு விமானப் பயன்முறையை இயக்குங்கள்.

புளூடூத் பட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. அந்தப் பட்டை பல மாதங்கள் ஒரு நாணய வடிவ பேட்டரியில் ஓடுகிறது என்பதிலிருந்தே அதற்கு எவ்வளவு குறைவான மின்சாரம் போதும் என்று தெரிந்துகொள்ளலாம்; கைப்பேசியின் பக்கத்திலும் செலவு சொற்பம்தான்.

பழைய சக்கரம்:

மேலே நண்பர் போட்ட கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணம் முழுவதும் விமானப் பயன்முறையில் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனியாகச் செல்பவர் விழுந்து அடிபட்டால், கைப்பேசியில் விமானப் பயன்முறையை விலக்கி, டவர் கிடைக்கும் வரை காத்திருக்கும் நிலையில் அவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்களும் அழைத்துப் பார்த்துவிட்டுப் பதறுவார்கள். நான் செய்வது இதுதான்: சிக்னல் நன்றாக உள்ள பகுதிகளில் அழைப்பு வரும்படி வைத்துக்கொண்டு மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுவேன். சிக்னல் இல்லை என்று முன்பே தெரிந்த காட்டுப் பகுதி தொடங்கும் இடத்தில் நின்று, வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அந்தப் பகுதிக்கு மட்டும் விமானப் பயன்முறையில் போடுவேன். அங்கே எப்படியும் அழைப்பு வராது என்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. மின்சாரம் அதிகம் வீணாவதும் அங்கேதான்.

உங்கள் நேர்கோட்டுக்கு வருகிறேன். அதற்குக் காரணம் நீங்கள் இயக்கிய பேட்டரி சேமிப்பு முறையாகத்தான் இருக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்த முறை இயங்கும்போது திரை அணைந்தவுடன் இருப்பிடச் சேவையும் நிறுத்தப்படுகிறது. நீங்கள் திரையை அணைத்த இடத்தில் பதிவு நின்றது. மறுபடி திரையைத் திறந்த இடத்தில் தொடர்ந்தது. செயலி இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு போட்டுவிட்டது. இதைத் தவிர, பின்னணியில் இயங்கும் செயலிகளைக் கைப்பேசியே நிறுத்திவிடும் பழக்கமும் உண்டு. எனவே அமைப்புகளில் உங்கள் பதிவுச் செயலியைத் தேடிப் பிடித்து, பேட்டரி மேம்படுத்தலிலிருந்து அதற்கு விலக்கு கொடுங்கள். திரை அணைந்திருக்கும்போதும் இருப்பிடத்தைப் பயன்படுத்தும் அனுமதி அதற்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பேசி மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் இதை மறுபடி சரிபார்ப்பது நல்லது. நான் அப்படிப் பார்க்காமல் விட்டு, ஒரு முழு நாள் பதிவை இழந்திருக்கிறேன்.

வழி காட்டுவதற்குத் திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வழியில் இணையமே தேவைப்படாது. திருப்பங்களைக் குரலில் சொல்லும் வசதியை இயக்கிவிட்டு, திரையை அணைத்துக் கைப்பேசியைச் சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டால் போதும். நேரான சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டும்போது வரைபடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பதிவு இடைவெளியைப் பத்து நொடியாக்குவதால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மிச்சமாகாது. இடைவெளி சில நொடிகளாக இருக்கும்போது சிப் பெரும்பாலும் நடுவில் முழுதாக அணைவதில்லை. பதிவின் தரமோ உறுதியாகக் கெடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் நகர்கிறீர்கள். பத்து நொடியில் எழுபது மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் எழுபது மீட்டர் என்பது ஒரு வளைவையே விழுங்கிவிடும். மொத்தத் தொலைவும் குறைத்துக் காட்டப்படும். நொடிக்கு ஒன்று அல்லது மூன்று நொடிக்கு ஒன்று என்று விட்டுவிட்டு, மிச்சப்படுத்துவதைத் திரையில் மிச்சப்படுத்துங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேண்டில்பாரில் கறுப்பு உறைக்குள் நேர்வெயிலில் இருக்கும் கைப்பேசியின் முதுகை நண்பகலில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். கோடைப் பயணம் ஒன்றில் என்னுடையதைத் தொட்டபோது விரலை வைத்திருக்க முடியவில்லை; திரை தானாகவே மங்கியிருந்தது, பவர் பேங்கை இணைத்தும் சார்ஜ் ஏற மறுத்தது. லித்தியம் அயன் பேட்டரியின் ஆயுளை வெப்பம் சீக்கிரம் குறைத்துவிடும். உறையிலிருந்து எடுத்து நிழலான பையில் போட்ட கால் மணி நேரத்தில் அது சீராகிவிட்டது.

தொலைவழி:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னதை அளந்து பார்த்தேன். ஒரே பாதையில், ஒரே செயலியில், மூன்று நாட்கள் ஒவ்வொரு மணி நேரம் ஓட்டினேன். திரை முழுவதும் எரிந்தபோது 16 விழுக்காடு குறைந்தது. திரையை அணைத்து டேட்டாவை மட்டும் விட்டுவைத்தபோது 6 விழுக்காடு. திரையையும் அணைத்து விமானப் பயன்முறையிலும் போட்டபோது 4 விழுக்காடு. இத்தனை நாள் ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். செயலிக்கு விலக்கும் கொடுத்துவிட்டேன். இப்போது கோடு எங்கும் அறுபடவில்லை.

அடுத்த மாதம் 300 கிலோமீட்டர் பிரவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்) ஒன்றில் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறேன். அதற்கு 20 மணி நேர வரம்பு. இரவிலும் ஓட்ட வேண்டும்; தெரியாத பாதை என்பதால் அடிக்கடி வரைபடத்தைப் பார்க்கவும் வேண்டும். பவர் பேங்க் எவ்வளவு பெரியதாக வாங்க வேண்டும்? ஓட்டிக்கொண்டே சார்ஜ் செய்யலாமா?

ஆறு வோல்ட்:

நண்பருக்கு வாழ்த்துகள். 20 மணி நேரத்திற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 10,000 மில்லிஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் செல்களின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. அதாவது 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போதும், கைப்பேசி அதை மறுபடி தன் அளவுக்கு இறக்கும்போதும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. மூன்றில் இரண்டு பங்கு கைப்பேசிக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 25 வாட் மணி. உங்கள் தேய்ந்த பேட்டரியை அது ஒன்றரை முறைக்கு மேல் நிரப்பிவிடும். திரையைத் தேவைப்படும்போது மட்டும் எரியவிட்டால் 20 மணி நேரத்திற்கு இது தாராளமாகப் போதும். முன் விளக்கையும் அதிலிருந்தே சார்ஜ் செய்வதாக இருந்தால் மட்டும் பெரியதைப் பாருங்கள். இல்லாவிட்டால் வீண் சுமை.

ஓட்டிக்கொண்டே சார்ஜ் செய்யலாம். ஆனால் சாலை அதிர்வில் முதலில் பழுதாவது கைப்பேசியின் சார்ஜ் துளைதான். கம்பி விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு குழியிலும் முனை துளைக்குள் ஆடி ஆடி, சில மாதங்களில் தொடர்பு தளர்ந்துவிடும். முனை செங்கோணத்தில் மடங்கியிருக்கும் குட்டையான கேபிளை வாங்கி, அதை ஒரு சிறு வளையமாகத் தொய்வுவிட்டு, வளையத்தை ஹேண்டில்பாரோடு கட்டிவிடுங்கள். இழுவிசை கட்டில் நிற்கும், முனைக்குப் போகாது. மழையில் இந்த ஏற்பாடு வேண்டாம். துளையில் ஈரம் இருக்கும்போது சார்ஜ் செய்தால் முனைகள் அரித்துவிடும். அப்படிப்பட்ட நாளில் பவர் பேங்க், கைப்பேசி இரண்டையும் நீர் புகாத பைக்குள் ஒன்றாக வைத்துச் சார்ஜ் செய்யுங்கள்.

பத்து விழுக்காடு வரும் வரை காத்திருக்காதீர்கள். ஐம்பதைத் தொட்டவுடன் இணையுங்கள். அந்த நேரத்தில் கேபிளில் கோளாறு இருந்தால்கூடச் சரிசெய்ய உங்கள் கையில் பல மணி நேரம் இருக்கும். கூடுமானவரை காலை, மாலை, இரவு என்று குளிர்ந்த நேரத்தில் ஏற்றுங்கள். அதேபோல, உறைநிலைக்குக் கீழான குளிரில் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது; அது உள்ளே லித்தியத்தை உலோகமாகப் படியவைத்து நிலையான சேதத்தை உண்டாக்கும். அப்படிப்பட்ட குளிரில் ஓட்டுபவர்கள் கைப்பேசியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்வதே முறை.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முன்சக்கரத்தின் நடுவில் பொருத்தும் ஹப் டைனமோ. பொதுவாக 6 வோல்ட், 3 வாட். உங்கள் கைப்பேசி திரை அணைந்த நிலையில் எடுப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு என்பதால், சமவெளியில் ஓட்டும்போது பகல் முழுவதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் அதை நேரடியாகக் கைப்பேசியோடு இணைப்பது சரியாக வராது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மணிக்கு பத்து கிலோமீட்டருக்குக் கீழே போனவுடன் மின்சாரம் போதாமல் சார்ஜ் நின்றுவிடும். சற்று வேகம் எடுத்தால் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் கைப்பேசி விழித்துத் திரையை எரியவிடும். முதல் ஆண்டில் நான் அப்படி இணைத்திருந்தேன். ஒரு நீண்ட ஏற்றத்தின் முடிவில் பார்த்தால், தொடங்கியபோது இருந்ததைவிடச் சார்ஜ் குறைந்திருந்தது. டைனமோ சிறிய பவர் பேங்கை நிரப்ப வேண்டும், பவர் பேங்க் கைப்பேசியை நிரப்ப வேண்டும் என்று நடுவில் ஒன்றை வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஒரே நேரத்தில் ஏற்றவும் இறக்கவும் கூடிய பவர் பேங்கா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாம் அப்படி இருப்பதில்லை.

மின்னோட்டம்:

டைனமோ நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில பவர் பேங்குகள், கைப்பேசி மிகக் குறைவாக மின்சாரம் எடுக்கும்போது சார்ஜ் முடிந்துவிட்டதாக நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். பயணத்திற்கு முன்னால் வீட்டிலேயே இணைத்து இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இப்படித் தொலைதூரப் பயணங்கள் தொடரப்போகின்றன என்றால், பதிவு செய்வதை ஒரு தனி மிதிவண்டிக் கணினியிடம் ஒப்படைப்பதையும் யோசியுங்கள். அவற்றில் பலவற்றின் திரை வெயிலைப் பிரதிபலித்தே தெளிவாகத் தெரியும் வகை. பகலில் திரைக்குப் பின்னிருந்து ஒளியூட்டும் விளக்கே வேண்டாம். அதனால்தான் சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு பதினைந்து மணி நேரத்திற்கு மேல் ஓடுகின்றன. கைப்பேசி அவசர அழைப்புக்கென்று முழுச் சார்ஜோடு பையில் இருக்கும்.

தொலைவழி:

பிரவே முடித்துவிட்டு எழுதுகிறேன். 302 கிலோமீட்டர், 17 மணி 50 நிமிடம். தனிக் கணினி வாங்கவில்லை. கைப்பேசியும் 10,000 பவர் பேங்கும்தான். புறப்படுமிடத்தில் இடத்தைப் பிடிக்கவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். திருப்பங்களைக் குரலில் கேட்டுக்கொண்டேன். சிக்னல் இல்லாத 60 கிலோமீட்டருக்கு மட்டும் விமானப் பயன்முறை. மாலையில் வெயில் தாழ்ந்தபோது 48 விழுக்காட்டில் இணைத்து, இரவு உணவுக்கு நிற்பதற்குள் 90 வரை ஏற்றினேன். கடைசி இடத்தில் இறங்கியபோது 57 விழுக்காடு மீதமிருந்தது. பவர் பேங்கின் நான்கு விளக்குகளில் இரண்டு இன்னும் எரிந்தன.

இடையில் ஒரு தவறு நடந்தது. 210ஆவது கிலோமீட்டரில் கேபிளின் கட்டு அவிழ்ந்து, அரை மணி நேரம் சார்ஜ் ஏறாமலே ஓட்டியிருக்கிறேன். ஐம்பதிலேயே இணைத்திருந்ததால் பதற வேண்டியிருக்கவில்லை. சாலையோரம் நின்று, பழைய டியூபிலிருந்து வெட்டி வைத்திருந்த ரப்பர் பட்டையால் மறுபடி கட்டிக்கொண்டேன். வீட்டில் கோப்பைத் திறந்து, மலைப்பாதையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினான்கு வளைவுகளும் அப்படியே இருந்தன.